கூட்டாத வீடு

லைசென்ஸ் வாங்கியவனுக்குப் புத்தி சொல்ல சாலை என்கிற கடைத்தெருவில் ஆள் பஞ்சமே கிடையாது. சிவதாணுவின் கைக்கு ஹெவி லைசென்ஸ் வந்த ஒரு வாரத்துக்குள், மண்டி வாசலில் பீடி வலிக்கிறவன் முதல் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்கிறவன் வரை ஆளுக்கொரு வழி காட்டிவிட்டார்கள். லாரியில் ஒருநாளும் ஏறிப் பார்க்காத துணிக்கடைக்காரர்கள்கூட அவனை நிறுத்தி, "லோக்கலா, லைனா? யோசிச்சு செய்யணும், கேட்டியா" என்றார்கள்.

லோக்கல் என்றால் அழகியநம்பி பிள்ளையின் அரிசி மண்டி லாரி. முந்தின நாளே ஏற்றி வைத்த லோடோடு விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு நெடுமங்காடு, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை என்று பலசரக்குக் கடைகளில் சாக்கு இறக்க வேண்டும். மத்தியானம் சாலைக்குத் திரும்பி இரண்டாவது லோடு. ராத்திரி ஏழரை மணிக்கு வீடு. லைன் என்றால் வன்னியராஜின் நேஷனல் பெர்மிட் வண்டி. ஆலப்புழைக் கயிறு ஏற்றிக்கொண்டு பம்பாய் போய், வரும்போது நாசிக் வெங்காயம். போக வரப் பதினெட்டு நாள் ஆகும். இரண்டு நாள் வீட்டில் படுத்து, அழுக்குத் துணியைத் துவைத்துக்கொண்டு மறுபடியும் பதினெட்டு நாள்.

அழகியநம்பி பிள்ளை, ஒரு மாதம் ஓட்டிப் பார் என்று ஐப்பசி பிறந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார். "பெண்டாட்டி கஞ்சி ஊத்த இருக்கும்போது எதுக்குடே ஹூப்ளியில போயி சப்பாத்திக்கு வரிசையில நிக்கணும்?" என்பது அவர் கட்சி. மூன்று வாரம் கழித்து வெங்காயம் இறக்க வந்த வன்னியராஜ், "வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கேன். ரெண்டாவது டிரைவர் சீட்டுல வேற எவனையும் உக்கார வைக்கல. உனக்குத்தான்" என்றான். சிவதாணு சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவன் எதற்கும் அப்படித்தான் இருந்தான். டீயில் சீனி போடவா என்று கேட்டால்கூட, கேட்டவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

காரணம் சாலையில் எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸுக்கு முன் ஆறு வருஷம் சிவதாணு வன்னியராஜின் வண்டியில் கிளீனராக இருந்தான். கிளி என்பார்கள் இங்கே. ஆடி மாதம் அப்படியொரு பம்பாய் லோடுக்குப் போயிருந்தபோது, ஆறாம் நாள், அவனுடைய இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஆவுடை காய்ச்சலில் செத்துப்போனது. இங்கிருந்து அடித்த தந்தி பம்பாய் லாரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி நாசிக் பக்கம் போய்விட்டது. பதினெட்டாம் நாள் சாலையில் வண்டி நின்றது. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவன் மைதீன்தான் விஷயத்தைச் சொன்னான். அப்போது சிவதாணு லோடுக்கு மேலே நின்று தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, மிச்சமிருந்த முடிச்சுகளையும் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிக் கட்டி, அதற்குப் பிறகுதான் இறங்கினான். மைதீன் இதைப் பல பேரிடம் சொன்னான். குற்றமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான்.

சிவதாணுவின் குடித்தனம் ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் லைனில் மூன்றாவது. ஒரு முறி, ஒரு அடுக்களை. முறியில் ஒரு பெஞ்சு, ஒரு டிரங்குப் பெட்டி. பொதுக் குழாயில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை தண்ணீர் வரும். மனைவி பிச்சம்மாளுக்குப் பூதப்பாண்டி. கல்யாணமான புதிதில், சந்துக்கு இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் கீரை விற்கிறவளோடு விலை பேசுவாள். அவள் வாய்க்குப் பயந்து மற்ற வீட்டுப் பெண்கள் குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். ஆடிக்குப் பிறகு அவள் பேச்சு, சோறு ஆச்சு, குடிக்க வெள்ளம் இருக்கு, அரிசி தீர்ந்துபோச்சு என்கிற அளவில் நின்றுவிட்டது. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால், நீ எங்கே போயிருந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று அவனுக்குப் பயம்.

ஆவணியும் புரட்டாசியும் அவன் பெரும்பாலும் வீட்டில்தான் கிடந்தான். அப்போதெல்லாம் வீடு வீடாக இருந்தது. ஐப்பசியில் மண்டி வண்டியை எடுத்த பிறகுதான் ராத்திரி திரும்பும்போது காலில் மண் நெருநெருத்தது. அடுப்புச் சாம்பல் முறிவரை வந்திருக்கும். காலையில் அவன் கழற்றிப் போட்ட சட்டையின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். பிச்சம்மாளின் தலை எண்ணெய்ப் பிசுக்கில் சிக்குப் பிடித்துக் கிடக்கும். அவன் பார்ப்பான். கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். தூக்கம் வராது. அவளுக்கும் வருவதில்லை என்று மூச்சுச் சத்தத்தில் தெரியும். இரண்டு பேரும் தூங்குவதுபோல் கிடப்பார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் ஐப்பசித் துலாம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. சந்துக்குள் நுழைந்தவனை வீட்டுக்காரி கோமதியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"சிவதாணு, இங்க நில்லு. சொல்லுகேன்னு வருத்தப்படாத. ஒம் பெண்டாட்டி வீடு தூத்து, கூட்டி வாரி எத்தன நாளாச்சு தெரியுமா?"

அவன் குடையை மடக்கிக்கொண்டு நின்றான்.

"பிள்ள போன சங்கடம் எனக்குத் தெரியாதா? நானும் ரெண்டைப் பறிகுடுத்தவதான். அதுக்காச்சுட்டி ஒரு மனுசி குளிக்காம கெடப்பாளா? தலையைப் பாத்தியா நீ? நான் சீப்பெடுத்துக்கிட்டுப் போனேன். வேண்டாங்கா. நான் தூத்துத் தாறேன்டீன்னு வாரியலைத் தூக்குனேன். ஓடி வந்து கையில இருந்து புடுங்குகா, கேட்டியா! கரப்பான் எல்லாம் எங்க வீட்டுக்குல்லா வருது."

"ஞாயித்துக்கெழம தலைக்குக் குளிச்சாளே அக்கா. வீடும் கழுவியிருந்தாளே."

"ஞாயித்துக்கெழம நீ இருந்தே, செஞ்சா. மத்த நாளு? நீ வண்டிக்கு எறங்குனா தீந்துது. அந்தால சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிடுகா. நீ வண்டி எடுத்த நாளு முதலே இப்பிடித்தான். ஒண்ணு பூதப்பாண்டிக்குக் கொண்டு விடு, இல்லைன்னா டாக்டரிட்ட காட்டு. நான் நல்லதுக்குச் சொல்லுகேன்."

"செரி அக்கா."

சரி என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். பிச்சம்மாள் தட்டை வைத்தாள். மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துவையலும். தின்றுகொண்டே அவன் மனசுக்குள் ஒன்றைத் தீர்மானமாக்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கிறேனே என்று ஒப்புக்குச் செய்கிறாள். மற்ற நாளில் இந்த வீடு அவளுக்கு வேண்டாம், என்னையும் பார்க்கப் பிடிக்கவில்லை. குழந்தை செத்தபோது இல்லாதவன் இப்போது தினமும் ஏழரை மணிக்கு வந்து வந்து நிற்கிறான், யாருக்குத்தான் பிடிக்கும்? அவனுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மிச்சக் கிழங்கையும் தின்றான். தண்ணீர் குடித்தான்.

அவன் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாலையில் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை சுமட்டுக்காரர்கள் சாக்கைத் தொடமாட்டார்கள். யூனியன் சட்டம். மைதீன் விசில் ஊதினால், தலையில் பாதி ஏறிய சாக்காக இருந்தாலும் கீழே இறங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் டிரைவருக்கும் வேலை கிடையாது. மண்டியிலிருந்து வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். சிவதாணு போகமாட்டான். ஓட்டலில் ஊணு சாப்பிட்டுவிட்டு லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வான். படுத்துக்கொண்டு ஸ்டெப்னி டயரின் நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டுக்குள் போக அவனுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்படிப் படுத்திருந்தபோது வன்னியராஜ் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"ஏலே, வண்டி ஓட்டச் சொன்னா வண்டிக்கு அடியில கெடக்கியே. எழும்பு, டீ குடிப்போம்."

வன்னியராஜுக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருபது வருஷமாக லைனில் ஓடுகிறவன். உள்ளங்கை இரண்டும் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போயிருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"ரோட்டுல கெடந்தா மறந்துரும்லே. நான் சொல்லுதேன் கேளு. பூனா தாண்டிட்டா ஒனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கதே ஞாபகத்துக்கு வராது. எனக்கு மூணு பிள்ளைக. மூணும் பொறக்கும்போது நான் ஊர்ல இல்ல. எந்தம்பி கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துல நான் ஹூப்ளியில பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடலயா அண்ணாச்சி?"

வன்னியராஜ் பழம்பொரியை மெல்லுவதை நிறுத்தினான். பிறகு மென்றான். "கெட்டிருந்தாலும் நமக்குத் தெரியாதுல்லா. அதான் சொல்லுதேன்."

அந்தப் பதில் சிவதாணுவுக்குப் பிடித்திருந்தது. தெரியாமல் இருப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. "வாறேன் அண்ணாச்சி" என்றான். மூன்று மாதத்தில் அவனாக ஒரு விஷயத்துக்குச் சொன்ன முதல் பதில் அதுதான். வன்னியராஜ் சந்தோஷப்பட்டு இரண்டாவது டீ சொன்னான். "விடியக்காலம் அஞ்சுக்குப் பழவங்காடியில தேங்கா உடைச்சுட்டுக் கெளம்புறோம். ரெண்டு லுங்கி, ஒரு போர்வை போதும்."

அன்றைக்கும் சாயங்காலம் மழை. சிவதாணு வீட்டுக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் ஈரக் கால் பட்டு மண் குழம்பியது. கஞ்சியும் சிறுபயறும் வைத்துவிட்டு பிச்சம்மாள் வழக்கம்போலச் சுவரோரம் உட்கார்ந்தாள். ஒரு கை கஞ்சி குடித்துவிட்டு அவன் சொன்னான்.

"நாளைக்கு வன்னியராஜ் அண்ணாச்சி கூட லைனுக்குப் போறேன். மண்டியில இனித்தான் சொல்லணும்."

அவள் நிமிர்ந்தாள். "பம்பாய்க்கா?"

"ஆமா."

"எத்தன நாளு?"

"தெரியும்லா. பதினெட்டு."

அவன் குனிந்து பயற்றைப் பொறுக்கினான். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள்போல அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பதினெட்டு நாளு தூக்காம கெடந்தா கோமதியக்கா வீட்டை விட்டு எறக்கிருவாளே. நான் என்ன செய்வேன்?"

அவனுக்குப் புரியவில்லை. "எதைத் தூக்காம?"

"வீட்டைத்தான். தூத்து வாராம."

"ஏன் வாராம கெடக்கணும்?"

"நல்லா கேட்டிய. நீங்க வெளிய போயிருக்கும்போது வாரியலை எப்பிடித் தொடுவேன்?"

சிவதாணு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். ஆள் புறப்பட்டுப் போன கையோடு வீட்டைக் கூட்டக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது என்பது நாஞ்சில் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம். பிணம் எடுத்த வீட்டில்தான் ஆள் போனதும் கூட்டிக் கழுவித் தலை முழுகுவார்கள். ஆனால் அதெல்லாம் போனவன் தெரு முக்குத் திரும்பும் வரைக்கும்தான். கூடிப்போனால் ஒரு மணி நேரம். திரும்பி வருகிறவரைக்கும் என்று எந்த ஊரிலும் கிடையாது. பிச்சம்மாள் தானாக நீட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரு சொன்னா ஒனக்கு இப்பிடி?"

"யாரும் சொல்லல." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஆடியில நீங்க போனது வெள்ளிக்கெழம. நீங்க முக்கு திரும்பல, அதுக்குள்ள பைப்புல வெள்ளம் வந்துட்டு. எட்டு மணிக்கு நின்னு போவும்லா. நான் வெறுவெறுன்னு வீட்டைத் தூத்து, கழுவி விட்டு, அவளுக்குத் தலைக்கு எண்ண வச்சுக் குளிப்பாட்டி, நானும் முழுகிட்டேன். ஈரத்தலையோட நிக்கும்போதுதான் நெனப்பு வந்து. ஐயோ, ஆளு எறங்குன வீட்டைக் கழுவிட்டமேன்னு. லாரியாக்கும், வழியில என்னமும் ஆச்சுன்னா..."

"பிச்சம்மா."

"சொல்லிருகேன். பழவங்காடிக்குத் தேங்கா நேந்தேன். அவருக்கு ஒண்ணும் வரப்பிடாது பிள்ளையாரே, வாறதா இருந்தா எனக்கு வரட்டும்னு சொன்னேன். எனக்குன்னுதான் சொன்னேன். சத்தியமா எனக்குன்னுதான் சொன்னேன். மறுநாளு அவளுக்கு மேலு சுட்டுட்டு."

வெளியே ஓலைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் மலையாளத்தில் செய்தி வாசித்தார்கள்.

"மூளைக்காய்ச்சல்னு டாக்டர் சொன்னாருன்னு சொன்னியே."

"சொன்னாரு. நான் தலை முழுகுனது டாக்டருக்குத் தெரியாதுல்லா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நாளைக்கும் வாரியலைத் தொடமாட்டாள். அவன் வேறொன்றைக் கேட்டான்.

"ராத்திரி நான் வந்த பொறவு தூக்கலாம்லா?"

"வெளக்கு வச்ச பொறவு யாராம் வீடு தூப்பா? லச்சுமி போயிருவா."

"அப்போ காலம்பற. நான் எறங்குறதுக்கு முந்தி."

"அஞ்சு மணிக்கு எறங்குறிய. நாலு மணிக்கு ஒங்கள எழுப்பி விட்டுட்டுல்லா இந்த முறியைத் தூக்கணும்? ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்துட்டு அந்த ஒரு மணி நேரம்தான் கண்ணசருதிய. அதையும் நான் கெடுக்கணுமா?"

அவன் தூங்காதது அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த ஒரு மணி நேரம் தூங்குகிறான் என்பதும் தெரிந்திருந்தது. சிவதாணுவுக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ வலித்தது. மரத்துப்போன காலை ஊன்றும்போது வலிக்குமே, அந்த மாதிரி வலி.

"நான் நெனச்சேன்," என்றான், "ஒனக்கு என்னைக் கண்டாலே புடிக்கலன்னு."

பிச்சம்மாளுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. சந்துக் கோடியில் கீரைக்காரியோடு பேசிய பழைய குரல் ஒரு வாக்கியத்துக்குத் திரும்பி வந்தது.

"புடிக்காமலா மனுசி இருபது நாளா நாறிக்கிட்டுக் கெடக்கேன்?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். இரண்டு பேரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானம் எங்க திங்கிய?" என்று அவள் கேட்டாள்.

"ஓட்டல்ல."

"எந்த ஊர்ல?"

"இங்கதான். சாலையில."

"சாலையிலயா?" என்றாள். எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சாலை ஐந்து நிமிஷம் என்பது அவளுக்கும் தெரியும். இருபது நாளும் பன்னிரண்டு மணிக்கு அவன் எங்கே கிடந்தான் என்று அவள் கேட்டிருந்தால், லாரிக்கு அடியில் என்றுதான் அவன் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பழவங்காடிக் கோயில் முன்னால் வன்னியராஜின் வண்டி, தார்ப்பாய் இறுக்கி, பின்னால் காலி டீசல் கேன் தொங்க நின்றது. வன்னியராஜ் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் இரண்டு தேங்காயோடு இருந்தான். எதிரே மண்டி லாரி வந்து நின்றதையும் அதிலிருந்து சிவதாணு இறங்குவதையும் பார்த்ததும் அவனுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

"வரலியா?"

"வரல அண்ணாச்சி."

"பெண்டாட்டி வேண்டாம்னுட்டாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. மத்தியானம் நான் போனாத்தான் வீடு கூட்ட முடியும்."

வன்னியராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஏலே, ஆறு வருசம் கிளியா தொங்கி, ஹெவி லைசென்ஸ் எடுத்தது வீடு கூட்டவா?" என்று சத்தமாகச் சிரித்தான். சிவதாணு சிரிக்கவில்லை. வன்னியராஜும் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒரு தேங்காயை அவனிடம் நீட்டி, "வாங்கியாச்சு, நீயே உடை" என்றான். சிவதாணு உடைத்தான். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. என்ன கேட்டால் யாருக்குப் போய்ச் சேரும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

காட்டாக்கடையில் சாக்கு இறக்கித் திரும்பியபோது பதினொன்றரை ஆகியிருந்தது. இரண்டாவது லோடுக்கு இருபது சாக்கு ஏறுவதற்குள் மைதீன் விசில் ஊதினான். சிவதாணு லாரிக்கு அடியில் கிடந்த சாக்கைத் தாண்டி நடந்தான். மைதீன், "எங்கோட்டு?" என்று மலையாளத்தில் கேட்டான். "வீட்டுக்கு" என்றான் சிவதாணு. மைதீன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பைய வந்தா மதி" என்றான். விசில் ஊதுகிறவன் வாயிலிருந்து மெதுவாக வந்தால் போதும் என்று ஒரு வார்த்தை சாலையில் யாரும் கேட்டதில்லை.

வெயில் அடித்தது. லைன் வீட்டு முற்றத்தில் கோமதியம்மாள் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பகலில் அவனைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தவள் என்னவோ மூடிக்கொண்டாள். பிச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"வந்துட்டேன்" என்றான் அவன்.

உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் அவனையே பார்த்தாள். ஆள் வந்துதான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து வாரியலை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அடுக்களையிலிருந்து தொடங்கினாள். சாம்பலும் மண்ணும் பயற்றுத் தொலியும் வெங்காயச் சருகும் முன்னால் குவிந்துகொண்டே வந்தன. டிரங்குப் பெட்டியை நகர்த்தி அதற்கு அடியிலும் கூட்டினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலைத் தூக்குங்க."

தூக்கினான். வாரியல் அவனுக்கு அடியில் இரண்டு தடவை போய் வந்தது. குப்பையை முறத்தில் வாரி வெளியே கொட்டினாள். காலையில் பிடித்து வைத்திருந்த வெள்ளத்தை மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோனாள். எண்ணெய்க் கிண்ணம் தரையில் உராயும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலையில் முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது. இரண்டாவது செம்பு. மூன்றாவது செம்பு.

சாலையில் மைதீனின் ஒரு மணி விசில் கேட்டது. அவள் இன்னும் குளித்து முடிக்கவில்லை. சிவதாணு போகவில்லை. அடியில் கூட்டி முடித்து வெகுநேரம் ஆகியும் தூக்கிய காலை அவன் இறக்கவில்லை.